பாலியில் ஒரு சிவப்புக் கொடி

எங்கப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் திமிர் உண்டு. துடியலூரில் பம்ப் பட்டறை வைத்திருப்பவர், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். காலேஜ் முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் அவரையும் அம்மாவையும் பாலித் தீவுக்குக் கூட்டிப்போனேன். படிக்கட்டு மாதிரி இறங்கும் நெல்வயல், குரங்குக் காடு, கடலோரக் கோயில் என்று ரீல்ஸ் பார்த்துப் போட்ட பிளான்.

அங்கே சாமி கோயிலுக்குள் மட்டும் இல்லை. கடை வாசல், ஓட்டல் படி, நடைபாதை என்று எங்கு பார்த்தாலும் குட்டி ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். அம்மா ரோட்டில் நடந்ததே கோலத்தைத் தாண்டுவது போலத்தான்.

"ஏனுங்க, கீழ பாத்து வாங்க. சாமிக்கு வெச்சத மிதிச்சுப்போடாதீங்க."

அப்பாவுக்குப் பிடித்தது கொடிகள். தெரு முழுக்க மூங்கிலில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பறந்தன. "நம்மூரு மாரியம்மன் நோம்பியாட்டவே இருக்குது கண்ணு" என்று நின்று நின்று பார்த்தார்.

கடலோரக் கோயிலுக்குப் போன அன்று, மணலில் தனியாக ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் இல்லை.

"கோயில் கொடியாட்ட இருக்குது. இங்க தல முழுகிப்போட்டுத்தான் உள்ள போவாங்களாட்ட" என்றார் அப்பா.

எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பேரூரிலும் பவானியிலும் ஆற்றில் முங்கி எழுந்து சாமி கும்பிட்ட குடும்பம். அப்பா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் வீடியோ எடுத்தேன்.

முங்கினார், எழுந்தார், கும்பிட்டார். அப்புறம் பழக்க தோஷத்தில் நாலு வீச்சு நீந்தினார். போனில் அவர் சின்னதாகத் தெரிந்தார். கை பட்டு ஜூம் குறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். குறையவில்லை.

"போதும், வாங்க" என்று அம்மா கூப்பிட்டார்.

வந்துகொண்டுதான் இருந்தார். எங்களைப் பார்த்து நேராக, கையை வேகவேகமாக வீசி நீந்தினார். நீந்த நீந்தப் பின்னால் போனார். எனக்கு நீச்சல் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் மூன்று பேரில் நீந்தத் தெரிந்த ஒரே ஆள் அங்கே போய்க்கொண்டிருந்தார்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. தூரத்திலிருந்து விசில் ஊதிக்கொண்டு ஒரு லைஃப்கார்டு மிதவைப் பலகையோடு ஓடி வந்தான். கொடியைக் காட்டித் திட்டிக்கொண்டே ஓடினான். அப்போதுதான் அது எந்தச் சாமிக்கும் நட்ட கொடி இல்லை, இங்கே இறங்காதே என்று நட்டது என்று புரிந்தது.

அவன் அப்பாவை நோக்கிப் போகவில்லை. பக்கவாட்டில் வேறெங்கோ போய் இறங்கினான். விட்டுவிட்டுப் போகிறான் என்றே நினைத்தேன். அப்பாவின் தலை ஒரு அலைக்குப் பின்னால் மறைந்தது. வந்தது. மறுபடி மறைந்தது. இந்த முறை வரவில்லை. அம்மா அவர் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அந்தச் சட்டையோடு மட்டும் கோயம்புத்தூருக்குத் திரும்பிப்போவதை ஒரு நொடி முழுசாகப் பார்த்துவிட்டேன்.

எங்கேயோ தள்ளிப் பலகை தெரிந்தது. அதன்மேல் அப்பா குப்புறக் கிடந்தார். தண்ணீர் உள்ளே இழுக்காத பக்கமாகச் சுற்றிப் போய்த்தான் அவரைப் பிடித்திருக்கிறான்.

ஓடினோம். மணலில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். லைஃப்கார்டு இங்கிலீஷில் வெளுத்து வாங்க, அப்பா அவனைக் கும்பிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"கோயில் கொடின்னு நெனச்சுப்போட்டனுங்க, தம்பி."

"கெணத்துல குதிச்சவருக்குக் கடலு கேக்குதாக்கும்" என்றார் அம்மா. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டார்.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "கெணத்துல எங்க நீந்துனாலும் செவுரு வந்துரும் கண்ணு. இங்க தொடறதுக்கு ஒண்ணுமே இல்ல."

கோயிலுக்குள் போகவில்லை. வண்டி நின்ற இடத்துக்குக் கோயில் மதிலை ஒட்டியே நடந்தோம். அப்பா உள்ளங்கையை அந்தக் கருங்கல்லில் பதித்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். மதில் முடியும் இடத்தில் நின்றுவிட்டார். அம்மா போய்த் தோளைக் கொடுத்த பிறகுதான் கையை எடுத்தார்.