மதகுக்காரி காட்டிய வழி

எங்கள் ஊரிலிருந்து கல்பாக்கம் போக அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்றில் லாரி, இன்னொன்றில் பேய். ஊர் ஆண்கள் யோசித்துப் பார்த்து லாரியே மேல் என்று முடிவு செய்திருந்தார்கள்.

எழுபதுகளில் கல்பாக்கத்தில் பெரிய கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்கள் விடியற்காலையில் சோற்றுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார்கள். அதே ரோட்டில் ஜல்லி லாரிகளும் போகும். லாரி வந்தால் சைக்கிள்காரர் மண்ணில் இறங்க வேண்டும். இறங்காதவரை லாரி இறக்கிவிடும். அந்த வருஷம் மேலத்தெருவில் இரண்டு பேர் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். என் அப்பாவும் தினமும் அதே ரோட்டில்தான் போய்வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். செத்தவர்களில் ஒருவருடைய சைக்கிள் வளைந்து நெளிந்து அவர் கடைக்குத்தான் வந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து மாமாவுக்கு வழிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கடைச் சுவரில் ஏரி, வாய்க்கால், வரப்பு, சவுக்குத் தோப்பு என்று கரிக்கட்டியால் வரைந்து தள்ளினார். ஏரிக்கரைகளை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரைக்கும் ரோட்டை மிதிக்காமலே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் பாட்டுக்கு முதலில் எங்கள் ஏரிக்கரையில் இறங்கினார். முள்ளை வெட்டினார், சேற்றில் உடைந்த செங்கல்லைக் கொட்டினார், வாய்க்காலுக்குக் குறுக்கே பனைமரத்தைப் பிளந்து போட்டார். வழி அருமையாக அமைந்தது. ஒருவரும் அதில் போகவில்லை.

காரணம் மதகுக்காரி. எந்தக் காலத்திலோ ஏரி மதகில் விழுந்து செத்துப்போனவள். பொழுது சாய்ந்தால் ஈரத்தலையோடு கரையில் வந்து நிற்பாள் என்று பேச்சு. மாமா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் ஊருக்கே சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார்.

"லாரி அடிச்சா ஆஸ்பத்திரி கீது. அவ அடிச்சா எங்க போறது அண்ணாத்த?"

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. அமாவாசைக்கு மறுநாள் காலை, ரோடும் ஏரிக்கரையும் பிரிகிற முச்சந்தியில், ரோட்டுப் பக்கமாக, குங்குமம் தடவிப் பிளந்த எலுமிச்சம்பழமும் உடைத்த பூசணிக்காயும் கருகிய மிளகாயும் கிடந்தன. யாரோ திருஷ்டி கழித்துப் போட்டதைத் தாண்ட எங்கள் பக்கத்தில் யாருக்கும் கால் வராது. கழித்தது எதுவோ அது தாண்டியவரைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கண்ணால் காணாத மதகுக்காரியா, கண்ணெதிரே கிடக்கிற பூசணிக்காயா? முதல் ஆள் கரைக்குத் திரும்பினார், மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். அதற்குப் பிறகு கரையின் இரண்டு முனையிலும் வாரம் தவறாமல் கழிப்பு விழுந்தது. வீட்டில் எலுமிச்சம்பழம் எங்கே போகிறது என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.

அப்பா மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அவர் கறுப்புச் சட்டைக்காரர். சாமி, பேய், ராகுகாலம் எதுவும் அவரிடம் செல்லாது. எல்லாரும் பார்க்க, பழத்தின் மேல் சைக்கிளை ஏற்றி நசுக்கிக்கொண்டு ரோட்டிலேயே போனார். நசுங்காத ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, சர்க்கரை போட்டுக் கரைத்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அன்று முழுக்க என் வயிற்றில் எதுவோ ஊர்வது போலவே இருந்தது.

மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்து, எல்லாம் தன் வேலைதான் என்று அப்பாவிடம் ஒத்துக்கொண்டு, கரைமேல் போகும்படி கெஞ்சினார். அப்பா சிரித்தார்.

"தெரியும் மச்சான். இப்ப நான் கரைமேல போனா, பழத்துக்குப் பயந்துகினு போறான்னுதான் ஊரு சொல்லும்."

மாமா திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார். உண்மையை ஊருக்குச் சொன்னால் அத்தனை பேரும் மறுபடி லாரிக்கு முன்னால் போய் விழுவார்கள். சொல்லாவிட்டால் அப்பா விழுவார். அடுத்த வாரமே அப்பா முழங்கை முழுக்கத் தோல் உரிந்து வந்தார். தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டே அம்மா, "ஊரே அந்தப் பக்கம் போவுது. உங்களுக்கு மட்டும் இன்னா?" என்று கேட்டாள். கொள்கை என்றார் அப்பா. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

பொங்கல் லீவுக்கு என்னைக் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். லீவு முடிகிற அன்று, வேலை விட்டதும் அப்பா அங்கே வந்து என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். என்னைக் கூட்டிவரப் போவதாகக் காலையிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

கரையின் கல்பாக்கம் பக்கத்து முச்சந்திக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. மிதிக்க மிதிக்க டைனமோ விளக்கு எரிந்தது. ரோட்டின் நடுவில் வெள்ளையாக ஏதோ நின்றது. அப்பா பிரேக் பிடித்தார். சக்கரம் நின்றதும் விளக்கும் அணைந்துபோயிற்று.

இருட்டில் அவள் மட்டும் தெரிந்தாள். வெள்ளைத் துணி ஈரமாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமயிர் முகத்தை மூடிக்கொண்டு இடுப்பு வரை தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. ஊர்ப்பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் அலறியது. அவள் நகரவில்லை. ஒரு கையை மட்டும் மெதுவாகத் தூக்கி ஏரிக்கரையைக் காட்டினாள். அப்பாவின் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது.

"சரி," என்றார் அப்பா. அது அவர் குரல் மாதிரியே இல்லை. "போறேன். நீ ஓரமா வா."

அவள் இறங்கினாள். லாரி எங்கள் மூவர் மீதும் தூசியை அடித்துவிட்டுப் போயிற்று. அப்பா சைக்கிளைக் கரைமேல் ஏற்றினார். ஒரு பக்கம் ஏரி கறுப்பாகக் கிடந்தது. பின்னால் யாரோ நடந்துவருகிற சத்தம் கேட்டது. எனக்கு உயிரே இல்லை. வேகமாகப் போங்கப்பா என்று அழுதேன். அப்பா வேகமாக மிதிக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, நடைக்கு நடை என்கிற மாதிரிதான் சைக்கிளை விட்டார். விளக்கு அழுதுவடிந்துகொண்டு வந்தது.

வீட்டில் அம்மா இல்லை. சற்று நேரம் கழித்துப் பின்வாசல் வழியாக, ஈரத்தலையை முடிந்துகொண்டே வந்தாள். மதகுக்காரியைப் பார்த்தேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. அம்மாவுக்கும் பேய் என்றால் பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் குலைத்துவிட்டது. பெண்ணுரிமை பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசினாலும், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத அப்பா, அடுப்படிக்குப் போய்ச் சோறு போட்டு எடுத்துவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கிவைத்து, அதில் குத்தியிருந்த ஜல்லித் துணுக்குகளை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்தார்.

மறுநாள் அப்பா கரைமேல் போனார். ஊர் முச்சந்தியில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்களாம். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மாமா கடைக்கு ஓடி, மதகுக்காரி அப்பாவைப் பிடித்துவிட்டாள், மந்திரிக்கிறவர் யாரையாவது கூட்டிவாருங்கள் என்று அழுதேன். மாமா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். அப்பா சோறு போட்டதையும் காலைப் பிடித்ததையும் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம், கையில் பஞ்சர் ட்யூபை வைத்துக்கொண்டே அழுதார்.

அவரையும் பிடித்துவிட்டாள் என்று தெரிந்து, நான் கடையை விட்டு ஓடினேன்.