மரப்பிடி செய்தவன் பெயர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் நோர்வேயில் ஒரு மரப்பட்டறை, இரண்டு வீடு, ஒரு தேவாலயக் கூரை எல்லாம் என் கையாலேயே கட்டியவன். பனியில் சறுக்கி ஓடி, மூச்சிரைக்க நின்று குறி சுடும் போட்டியில் என் மகள் சாம்பியனானாளே, அந்தத் துப்பாக்கியின் மரப்பிடியும் நான் செதுக்கியதுதான்.

இப்போது நியூசிலாந்தின் ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோ மண்டபம் ஒன்றின் வாசலில் நிற்கிறேன். விடாத மழை. இங்குள்ள தமிழர்கள் அவளுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். அவளுக்கு முதுகு போய்விட்டது, இனி ஓடமாட்டாள். உள்ளே மேடையில், மாலையை மடியில் வைத்துத் தரையைப் பார்த்தபடி இருக்கிறாள்.

அவள் வெற்றிக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் வாசல் பலகையில் பயிற்சியாளர், வைத்தியர், சறுக்குக் கட்டைக்கு மெழுகு பூசியவர் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

"கடைசியில 'அப்பா' எண்டு போட்டிருக்கெல்லோ ஐயா," என்கிறார் விழாவை நடத்தும் மன்னார் அந்தோனி.

"ஆரும் அப்பாவாகலாம் தம்பி. துவக்குப் பிடியில கன்னம் வைக்கிற இடத்தை ஏழு தரம் செதுக்கினது ஆர்?"

"உங்கட மகள்தான் பேரெல்லாம் எழுதித் தந்தவ."

உள்ளே பார்க்கிறேன். அவள் வலக் கன்னத்தில் என் மரம் அழுத்திய தழும்பு இன்னும் தெரிகிறது. பேனையை அந்தோனியிடம் நீட்டுகிறேன்.

"அப்பா எண்டதை வேணுமெண்டால் வெட்டும். துப்பாக்கிக்குப் பிடி செய்தது செல்லையா எண்டு எழுதும்."