கதை தெரியாதவளின் இடம்

எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவில் மூன்றே பேர். அதில் எனக்கு வில்லும் இல்லை, குடமும் இல்லை. வில்லடிக்கிற அண்ணாச்சி கதை சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா", "அப்படியா", "அப்புறம்?" என்று கேட்பதுதான் என் வேலை. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறேன். அங்கேயும் வருகிறவர்களைக் கேள்விதான் கேட்கிறேன், ஆனால் அந்தப் பதில்கள் எனக்கு ஒருநாளும் ருசித்ததில்லை.

அண்ணாச்சிக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். குடம் அடிப்பவர் ஒரு மலையாளி டீச்சர், பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவர். போகிற ஊரில் மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பைக் கேட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு புதுக் கதை கட்டிவிடுவார் அண்ணாச்சி. கட்டுகிற நேரத்தில் என்னை விரட்டிவிடுவார்கள். கேட்கிறவளுக்குக் கதை தெரிந்திருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். நான் கேட்டால்தான் அடுத்த வரி வரும். கேட்காவிட்டால் நாணைத் தட்டும் கோலை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் காற்று வாங்குகிறவர் போல உட்கார்ந்திருப்பார்.

குழுவின் செய்திகளை வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவதும் நான்தான். "வெள்ளிக்கிழமை பாறசாலை, ஞாயிற்றுக்கிழமை பாலக்காடு. என்ன கதை என்று என்னைக் கேட்காதீர்கள்" என்று எழுதுவேன். தவறாமல் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் முதல்முறையாக ரெக்கார்டிங் பேச்சு வந்தது. அதற்கென்று ஒரு கதையை அண்ணாச்சியும் டீச்சரும் வாரக்கணக்கில் வத்தல் குடோனில் உட்கார்ந்து கட்டினார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் ஆபீஸ் விட்டு நேராகப் போய், மூட்டைகளுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்தேன். "தென்னமரத்துல ஏறினவன்" என்பது மட்டும் விழுந்தது. அதற்குள் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "வத்தல் குடோன்ல ஒளிய வந்த ஒரே ஆளு நீதான் தங்கச்சி" என்றார். டீச்சர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.

ஸ்டூடியோவில் சவுண்ட் என்ஜினீயர் ஒரு யோசனை சொன்னார். "சேச்சி ஒரு வட்டம் ‘ஆமா’ பறஞ்ஞால் மதி. பாக்கி ஞான் காப்பி செய்தோளாம்." நான் ஒரு தடவை சொன்னால் போதுமாம், மிச்சத்தை அவரே ஒட்டிக்கொள்வாராம். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப கதையையும் நீங்களே ஒட்டிக்கிடுங்க" என்றேன். அண்ணாச்சி என் பக்கம் நின்றார். கதை தெரியாதவளாக நான் ஒருமுறைதான் கேட்க முடியும் என்பதால் ஒரே டேக்கில் முடிக்க வேண்டும் என்று தீர்மானமானது.

கதை தொடங்கியது. தென்னை ஏறுகிற ஒருவன் உச்சிக்குப் போகிறான். அங்கிருந்து எதையோ பார்த்துச் சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே இருக்கிறான், இறங்க மாட்டேன் என்கிறான். ஊர் கூடுகிறது. கடைசியில் அவன் பெண்டாட்டியைக் கூட்டி வருகிறார்கள். "நீயே ஏறி வந்து பாரு" என்கிறான். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறுகிறாள், உச்சிக்குப் போகிறாள், திரும்பிப் பார்க்கிறாள்.

அண்ணாச்சி நிறுத்தினார். என் முறை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அவர் கோலை மடியில் வைத்தார். டீச்சர் குடத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்ஜினீயர் பொத்தானை அழுத்தி, "என்னிட்டு?" என்றார். அப்புறம் என்ன ஆச்சு என்று மலையாளத்தில் அவர் கேட்டுவிட்டார். அண்ணாச்சி அவருக்குப் பதில் சொல்லிக் கதையை முடித்தார். ரெக்கார்டு அப்படியேதான் வெளிவந்தது. அவள் எதைப் பார்த்தாள் என்று இங்கே எழுத மாட்டேன். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. ரெக்கார்டைக் கேட்டவர்கள் எல்லோரும், எந்த ஊரானாலும், தென்னமரக் கதையையே கேட்டார்கள். எனக்கோ அந்தக் கதை தெரிந்துபோயிற்று. ஸ்ரீவராகத்தில் ஒரு ஃப்ளாட் அசோசியேஷன் ஓண விழா. அங்கேயும் அதே கதைதான் வேண்டுமாம். "நீ கீழ உக்காரு தங்கச்சி. தெரிஞ்சவ கேட்டா கள்ளம் காட்டிக்கொடுத்துரும்" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழுவின் செய்தியை எழுதுகிற நான் இதை எப்படி எழுதுவேன்?

என் இடத்தில், கதையைக் கேட்டிராத ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரை உட்கார வைத்தார்கள். மனுஷர் ஒவ்வொரு வரிக்கும் லோன் கொடுக்கிறவர் மாதிரி யோசித்துத்தான் "ஆமா" சொன்னார். பெண்டாட்டி உச்சிக்கு ஏறினாள், திரும்பிப் பார்த்தாள். அண்ணாச்சி நிறுத்தினார்.

"கடல்ல கப்பல் கண்டிருப்பா, அதானே?" என்றார் மேனேஜர்.

கேட்கச் சொன்னால் ஊகம் சொல்கிறார். அண்ணாச்சி கோலை மடியில் வைத்தார். மேனேஜர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். குடமும் நின்றது. கூட்டம் போனை எடுக்க ஆரம்பித்தது. எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஆனாலும் அவள் அந்த உச்சியில் அப்படியே நிற்பதைத் தாங்க முடியவில்லை. அண்ணாச்சி சொல்லி அதைக் கேட்டாக வேண்டும் போலிருந்தது. எழுந்துவிட்டேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி! மேல ஏறினவ என்னத்தப் பாத்தா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கள்ளம் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல. பிறகு கோலை எடுத்து நாணைத் தட்டினார்.

"அதை ஏன் கேக்க தங்கச்சி, கீழ கூடி நிக்க கூட்டத்துல தன்னையே பாத்தா!"

ரெக்கார்டில் இந்த வரி கிடையாது. டீச்சரின் கை குடத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அவருக்கும் புதிது. நாற்காலிகளை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். மேனேஜர் எழுந்து இடம் விட்டார்.

உட்கார்ந்து, மூச்சு வாங்க, "அப்புறம்?" என்றேன்.