வளைவுக்கு நேரே முதல் வரிசை

மெல்பேர்னுக்கு வெளியே, மண் பாதையில் பழைய கார்களின் பந்தயம். கிளேட்டனில் என்னைத் தங்க வைத்திருக்கும் நண்பர் சிவராசா, வேலை முடிந்து மனைவியோடு வருவார். என்னை முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

"வெள்ளனப் போய் முன்னுக்கு இடம் பிடியும். இந்தச் சிவப்பு லேஞ்சியைப் போட்டு வையும், பாத்து வந்திடுவம்."

பஸ்ஸானாலும் கச்சேரியானாலும் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாங்கள். வளைவுக்கு நேரே முதல் வரிசை முழுக்கக் காலியாக இருக்கிறது. என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சியபடி பலகையில் கைக்குட்டையை விரித்துவிட்டு, தேநீர் வாங்க மேலே ஏறுகிறேன்.

மேல் வரிசையில் கம்பளி போர்த்திய வெள்ளைக்காரி ஒருத்தி, "அங்கேயா உட்காரப் போகிறாய்?" என்று கேட்கிறாள்.

"ஏன்?"

"கழன்ற சக்கரம் அங்கேதான் வந்து விழும். பழகினவர்கள் மேலேதான் இருப்போம்."

திரும்பிப் பார்க்கிறேன். அந்த வரிசைக்கு முன்னால் மட்டும் வேலிக் கம்பி புதிதாக மினுங்குகிறது.

என்ஜின்கள் உறுமத் தொடங்குகின்றன. கீழ் வாசலால் பெல்பொட்டம் காற்சட்டையில் சிவராசா வருகிறார், பின்னால் சேலைத் தலைப்பைச் செருகியபடி மனைவி. கைக்குட்டையைக் கண்டதும் சிரித்துக்கொண்டு உட்கார்கிறார்கள்.

கைகளை வீசிக் கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. படியெல்லாம் ஆட்கள்; இறங்க வழியில்லை.

சிவராசா என்னைக் கண்டுவிட்டார். எழுந்து, பாதைக்கு முதுகைக் காட்டி நின்று, சிவப்புக் கைக்குட்டையை எடுத்து எனக்கு ஆட்டுகிறார். அவருக்குப் பின்னால் கார்கள் வளைவுக்குள் திரும்புகின்றன.