நீல வாசர்

அப்பாவின் லீவு முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது எங்கள் குசினியில் சமையலுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒழுகத் தொடங்கியது. கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர் அப்பா. ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் தூத்துக்குடியில். எங்கள் தெருவில் இப்படிப்பட்டவர்களை ‘லீவுக்காரர்’ என்பார்கள். ‘லீவுக்காரர் வந்தாச்சா, எப்பப் போறாரு’ என்று ஒரே மூச்சில் விசாரிப்பார்கள்.

வந்த முதல் வாரம் வீடு அவரைச் சுற்றும். அதற்குப் பிறகு அவருக்கு அங்கே வேலை இராது. கேஸ் சிலிண்டர் மாற்ற எழுந்தால் அம்மா மாற்றி முடித்திருப்பாள். அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. அந்த முறை நாற்காலியை வாசல் பக்கம் போட்டுப் பார்த்தார், குசினிப் பக்கம் போட்டுப் பார்த்தார். “நா எங்கன உக்காந்தாலும் குறுக்க இருக்க மாதிரியே இருக்குளா” என்றார் அம்மாவிடம். அம்மா சிரித்து வைத்தாள். இரண்டு நாள் கழித்துக் குழாய் சொட்டியது.

எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. குழாய் சொட்டினால் அம்மாவே சரிசெய்துவிடுவாள். பழைய ரப்பர் செருப்பின் குதிகாலில் காசை வைத்து வட்டம் வரைந்து, கத்தரியால் வெட்டி, நடுவில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டால் குழாய்க்குள் போடும் வாசர் தயார். என் நீலச் செருப்பு ஒன்று அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

இந்த முறை அம்மா அடியில் குடத்தை வைத்துவிட்டு, “ஏங்க, இந்தப் பைப்பு ஒழுகுது. என்ன செய்யன்னே தெரியல” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. “எம்மா, நீதான…” என்று தொடங்கினேன். அம்மாவின் கையிலிருந்து பாதி முறுக்கு வந்து என் வாயை அடைத்தது.

அப்பா எழுந்த எழுச்சியைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஸ்பேனர்கள் வந்தன. “கப்பல்ல ஆளுயர வால்வெல்லாம் பிரிக்குதோம், இது என்ன” என்று சாரத்தை மடித்துக் கட்டினார். பின்பக்கம் போய் வால்வை அடைத்துவிட்டு வந்தார். அங்கேதான் வினை. அவர் அடைத்தது தெருவிலிருந்து தண்ணீர் வரும் வழியை. குசினிக்கு இப்போது மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. அதன் வால்வு மாடியில் இருக்கிறது. அவர் கடலில் இருந்த நாளில் அம்மா ஆள் வைத்து மாற்றிய ஏற்பாடு.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. தெருவில் இனி நாலு நாள் கழித்துத்தான் தண்ணீர் வரும். அதுவரை தொட்டியில் இருப்பதுதான் இருப்பு. ஆனால் என்ன செய்யவென்றே தெரியாதவள் வால்வைப் பற்றி எப்படி வாய் திறப்பாள்? என்னைப் பார்த்து, “ஏளா, மாடிக்கு ஓடிப்போயி துணி காஞ்சிட்டான்னு பாரு, சட்டுனு” என்றாள். கண்ணை உருட்டி, கையால் எதையோ திருகிக் காட்டினாள். துணியைப் பிழியச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மாடியில் ஒவ்வொரு துணியாகத் தடவிப் பார்த்தேன். ஈரமாயிருந்த பாவாடையை இன்னொரு தரம் பிழிந்து போட்டேன். கீழே அப்பா கத்துவது கேட்டது, கூடவே தண்ணீர் சுவரில் அடிக்கும் சத்தம். அம்மா மீன் கையோடு படியேறி ஓடிவந்து, என்னைத் தாண்டி, தொட்டியடியில் குனிந்து நாலு திருகு திருகினாள். பிறகு ஒன்றும் அறியாதவள்போல இறங்கிப் போனாள்.

“நின்னுட்டா?”

“நின்னுட்டு” என்றார் சொட்டச் சொட்ட நின்ற அப்பா. அம்மாவின் உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைச் சற்று நேரம் பார்த்தார்.

பாதி கழன்றிருந்த குழாயின் தலையை முழுதாகக் கழற்றி, உள்ளிருந்த வாசரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீலம். கதவோரம் கிடந்த, குதிகால் இல்லாத என் செருப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“இத யாரு போட்டது?”

“தெருவுல போன ஒரு பிளம்பரு” என்றாள் அம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நல்ல வேலக்காரன். அச்சுல வார்த்த மாதிரி வெட்டிருக்கான். எங்க கப்பலுக்கு வாரானான்னு கேளு.”

“அவனுக்கு இங்கன வேல கெடக்கு. வரமாட்டான்.”

“ஆமா. அவன் வந்துட்டா இந்த வீடு என்னத்துக்கு ஆவும்.”

யாரோ ஒரு பிளம்பருக்கு இவ்வளவு பேச்சு எதற்கென்று எனக்கு அலுப்பாக இருந்தது. அம்மாவின் காது சிவந்திருந்தது. மிளகாய்க் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா புது வாசர் போட்டார். ஒரு சொட்டு இல்லை. மாலைக்குள் தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது. மீதி லீவில் தாழ்ப்பாள், தையல் மிஷின், மின்விசிறி என்று அம்மாவுக்கு என்ன செய்யவென்றே தெரியாமல் போனவை பல. அந்த நாற்காலியில் நானும் பூனையும்தான் உட்கார்ந்தோம்.

அடுத்த லீவில் அப்பாவின் பெட்டியை நான்தான் திறந்தேன். சாக்லேட் தேடி அடிவரை தோண்டினால், ஜெபமாலைப் பைக்குள் மணிகளோடு மணியாக அந்தத் தேய்ந்த நீல வாசர். குப்பையை மறந்துபோய் உலகம் சுற்றக் கூட்டிப்போயிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு. முற்றத்தில் எறியப் போனேன்.

“ஏளா, அத இருந்த எடத்துலயே வை” என்றார்.

வைத்தேன். ஒழுகுகிற குழாய்க்குக்கூட உதவாத ரப்பர் எதற்கென்று அம்மாவிடம் கேட்டேன். அவள் குசினிக்குள் போனாள். அங்கே, நன்றாக இருந்த குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.