காலுறைக்குள் ஒரு குட்டிப் போத்தல்

போன வருடம்வரை நத்தார்ப் பண்டிகைக்குத் தொங்கவிடும் பரிசுக் காலுறைக்குள் சொக்லேட்டும் தோடம்பழமும் போட்டாலே துள்ளிய மகள், இம்முறை முகத்துக்குப் பூச ஒரு கிறீம் கேட்டாள். "குட்டிப் போத்தல்தான் அம்மா."

கனடாவில், ஸ்காபரோ கடையில் அந்தக் குட்டியின் விலை தொண்ணூறு டொலர்! திகைத்துப்போனேன். ஆசைப்பட்டுவிட்டாளே என்று காசு கட்டப் போனேன். அங்கே காசு வாங்க நின்ற தமிழ்ப் பெண், "நல்ல கிறீம் அன்ரி, உங்கட முகச்சுருக்கமெல்லாம் போகும்" என்றாள்.

"எனக்கில்லை பிள்ளை, மகளுக்கு. பதினொரு வயசு."

அவள் போத்தலைப் பறித்தேவிட்டாள். "ஐயோ அன்ரி, சின்னப் பிள்ளையளின்ர தோலை இது எரிச்சுப்போடும்!"

காசைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். விலையை மூன்று தரம் பார்த்த நான், அது எதற்கென்று ஒரு தரமும் வாசிக்கவில்லை.

இப்போது மகள் எதைக் கேட்டாலும், அது எதற்கென்று முதலில் எனக்குத் தமிழில் சொல்லவேண்டும். "சுருக்கம்" என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது; அந்தக் கிறீமை இனி எப்படிக் கேட்பாள்?