அவுட்பொக்ஸில் நின்ற மெயில்

மற்றவர்கள் படுக்கப்போகும் நேரத்தில், அவர்களுடைய போனுக்கு ஏன் மெயில் வரவில்லை என்று பதில் சொல்லுவது என் தொழில். உங்களுக்கும் தெரிந்த வருத்தம்தான்: வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே நிற்கும், கடைசியில் கையை விரித்துவிடும். நீங்கள் ஒரு போனைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறைக்குள் இருந்து எல்லாருடைய போனுக்கும் பயப்படுகிறேன். இந்த வேலையை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பழைய போன்களைக் கழற்றிப் பூட்டி நானே பழகியது.

சொல்லக்கூடாத சொல்

அன்றிரவு எட்டு மணிக்கே எங்கள் மெயில் சேர்வர் விழுந்துவிட்டது. ஆனால் "விழுந்துவிட்டது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. அது முதலாளியின் கட்டளை. மேசையில் ஒட்டியிருக்கும் தாளில் நாலு படிகள் உண்டு, அவற்றைச் செய்விக்க வேண்டும். போனை நிறுத்திப் போடுவது முதலாவது. எக்கவுண்டை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது மூன்றாவது.

துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் நாலையும் இரண்டு தரம் செய்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீர் சொல்லுறதைப் பார்த்தா சேர்வர் என்ர போனுக்குள்ளதான் இருக்குது போல."

மூன்றாவது படி

அடுத்தது கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர். கணவர் களுபோவில ஆஸ்பத்திரியில். தலையில் ஒப்பரேசன், சம்மதமென்றால் காலையில் இவர் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் சென்னையில் ஒரு டொக்டர் ஸ்கானைப் பார்த்துச் சொல்லுவதாக ஏற்பாடு. அவர் மெயில் மட்டும்தான் பார்ப்பாராம், காலை ஏழு மணிக்குப் பிளேன் ஏறுகிறாராம். ரீச்சர் அனுப்பிய மெயில் போகாமல் அவுட்பொக்ஸிலேயே நின்றது.

அதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, வாய் தானாகவே மூன்றாவது படிக்குப் போய்விட்டது. பிறகு "செய்திட்டன்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் இதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்: "போனில இடமில்லாமல் ஸ்கான் படங்களை அழிச்சுப்போட்டன் தம்பி, அந்த மெயிலில இருக்கிறது மட்டும்தான் மிச்சம்."

பதினேழு தரம்

அவுட்பொக்ஸில் நிற்கும் மெயில் எங்களிடம் வந்து சேர்ந்திராது. அது அந்தப் போனில் மட்டுமே இருக்கும். எக்கவுண்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல.

திருப்பிக் கோல் எடுத்தேன். போன் ஓஃப். பதினேழு தரம் எடுத்தேன், ஓஃப்தான். நாலு மணிக்குச் சேர்வர் எழும்பியது; நான்தான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு இந்நேரம் தலையை மழித்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து மேசை ரிஸ்வான் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க அழிக்கச் சொன்னது எக்கவுண்டயா, அந்த மனுசன்ட உசிரயா?"

ஆறரை மணி

ரீச்சரின் இலக்கம் திரையில் வந்தது. எடுக்கக் கை வரவில்லை. ரிஸ்வான் நானாதான் பட்டனை அமத்தி என் காதில் வைத்தார்.

"மெயில் போயிட்டுது தம்பி. டொக்டரும் பார்த்திட்டார். பயப்படாமல் கையெழுத்து வைக்கச் சொல்லுறார்."

எப்படிப் போனது என்று கேட்டேன்.

"கோவிக்காதேங்கோ தம்பி, அழிக்கச் சொன்னோன்ன எனக்கு மனம் வரேல்ல, உங்களுக்குச் சும்மா 'செய்திட்டன்' எண்டு சொல்லிப்போட்டு, விடியுமட்டும் போனை ஓஃப் பண்ணித் தலையணைக்குக் கீழ வைச்சிருந்தனான், விடிய ஓன் பண்ணினோன்ன மெயில் தானாவே போயிட்டுது."

இப்போதெல்லாம் யாராவது "செய்திட்டன்" என்று சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டுமென்று ஒரு கணம் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறேன்.